குக்கரஹள்ளி ஏரிக்கரை உலாவும் பருவ நோக்கலும்

குக்கரஹள்ளி ஏரி மைசூரு நகரின் மேற்கே, தேவராஜ மொஹல்லாவின் சந்தையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில், மானசகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி அமைந்துள்ளது. காலை, மாலை உலாவில் மரம், பறவை, மழை ஆகியவற்றின் பருவ மாற்றத்தைக் கவனிக்கும் வழக்கம் இதன் கரையில் நெடுநாளாக உண்டு.

ஏரியை 1864-இல் வெட்டுவித்தவர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1831 முதலே நிர்வாகம் ஆங்கிலேயர் கையில் இருந்தபோதிலும் பெருமை மன்னருக்கே உரியது. திவான் பூர்ணையா காவிரி நீரை மைசூருக்குக் கொண்டுவரத் தொடங்கிய கால்வாய் முற்றுப்பெறாமல் நின்றுபோனது. பின்னாளில் அது மழைநீரைத் திரட்டி ஏரிக்கு அனுப்பியது. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1974-இல் வெளியான ‘மை டேஸ்’ தன்வரலாற்றில் இந்த ஏரிக்கரை உலாவைக் குறிப்பிடுகிறார்.

பருவப் பகுப்பு: வடமொழி மரபின் ஆறு ருதுக்களோ, பள்ளிப் பாடத்தின் நான்கு பருவங்களோ இவ்வூருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. பொருந்துவது கன்னட உழவரின் மழைக் கணக்கே. ஞாயிறு 27 நட்சத்திரங்களைக் கடக்கும் ஓராண்டை 27 கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் 13 அல்லது 14 நாள் கொடுத்து, நட்சத்திரத்தின் பெயராலேயே மழையை அழைக்கின்றனர். பரணி மழை ஏப்ரல் இறுதியில் வரும். அது பெய்தால் விளைச்சலுக்குக் குறைவில்லை என்பர். மிருகசீரிடம் ஜூன் முதல் வாரத்தை ஒட்டியும், திருவாதிரை ஜூன் மூன்றாம் வாரத்திலும், சுவாதி அக்டோபர் பிற்பகுதியிலும் தொடங்கும். பரணியின் கடைசி இரு கால், கார்த்திகை, ரோகிணியின் முதற்கால் ஆகிய நாட்களைத் தமிழ்ப் பஞ்சாங்கம் அக்னி நட்சத்திரம் என்று வெயிலின் கணக்கில் எழுதுகிறது. அதே நாட்களில் மைசூரு இடிமழையில் நனைகிறது. கணக்கு ஒன்றுதான், வானம் வேறு.

மரங்கள்: உலா செல்வோருக்கு முதல் அடையாளம் புங்கமரம். கோடைத் தொடக்கத்தில் இலையுதிர்த்து, யுகாதியை ஒட்டிப் பளபளக்கும் தளிர் விடும். தளிர் முற்றுவதற்குள் இலைக்குள் துளைத்துத் தின்னும் புழுக்கள் ஏறிவிடுவதால், கையில் எடுத்துப் பார்த்தால் இலைத்தோலின் கீழ் வெளிறிய திட்டுகள் தெரியும். வெளிநாட்டு ஜக்கரண்டாவும் மே மாதத்து மயில்கொன்றையும் கண்ணைப் பறிப்பவை. உள்நாட்டுச் சரக்கொன்றைக்கு அவை ஈடல்ல.

பறவைகள்: கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஏரித் திட்டுகளின் மரங்களில் கூடு கட்டுகின்றன. கூழைக்கடாவின் மேலலகு ஓரத்தில் வரிசையாக நீலப் புள்ளிகள் இருப்பதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, நாமக்கோழி ஆகியவையும் உண்டு. நீலச்சிறகி வாத்தும் சூறைக்குருவியும் குளிர்கால வரவுகள்.

பதிவு முறை: ஜப்பானின் கியோத்தோவில் செர்ரி பூக்கும் நாள் 9-ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவாகியிருக்கிறது, இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736-இல் தம் பருவக் குறிப்புகளைத் தொடங்கினார். இந்தியாவில் ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் சேர்வோர் ஒரு மரத்தைத் தெரிந்தெடுத்து, தளிர், பூ, காய் ஆகியவை இல்லை, சில, பல என வாரந்தோறும் குறிக்கின்றனர்.

இன்றைய நிலை: ஏரி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் அவ்வப்போது சிக்கல் தந்துள்ளன.