பள்ளிகளில் அயல்மொழி மன்றங்கள் (தமிழ்நாடு)

பாட வேளைக்கு அப்பால் மாணவர்கள் ஓர் அயல்மொழியில் பேசிப் பழகவும் நடிக்கவும் போட்டியிடவும் கூடுவது அயல்மொழி மன்றம். தமிழ்நாட்டில் இந்த இடம் நெடுங்காலமாக ஆங்கில இலக்கிய மன்றத்துக்கே உரியது. பிரெஞ்சும் ஜெர்மனும் பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிகளோடு நின்றுவிட்டன.

பழைய திருநெல்வேலிச் சீமையில் ஆங்கிலக் கல்விக்கு முதலில் வழி திறந்தவை மிஷன் பள்ளிகள். மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் அவ்வூர் கல்வி நகராக வளர்ந்தது. எட்டயபுரத்துச் சுப்பையா, பின்னாளில் பாரதி, 1894 முதல் 1897 வரை நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். அந்தக் கல்வியைத் தம் சுயசரிதையில் கடுமையாகச் சாடியவரும் அவரே. ஆங்கிலக் கவி ஷெல்லியின் பெயரில் எட்டயபுரத்தில் மன்றம் நடத்தி, 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் சூடிக்கொண்டவரும் அவரே. வகுப்பறை ஊட்டாத மொழிப்பற்றை மன்றம் ஊட்டியது என்று சொல்லத் தோன்றுகிறது.

பள்ளி மன்றத்தின் வழக்கமான நாள் வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. இறைவணக்கம், வரவேற்புரை, பாட்டு ஒப்பித்தல், பேச்சு, 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் நீதிமன்றக் காட்சி, இறுதியில் நன்றியுரை, நாட்டுப்பண். அக்காட்சியில் வட்டிக்காரன் ஷைலாக்காக நடிப்பவன் போர்வையை அங்கியாக்கி, அட்டைக் கத்தியைச் செருப்பில் தீட்டுவான், கைதட்டல் அவனுக்குத்தான். பேச்சு பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததே. மனப்பாடம் பிசகினால் மேடையில் மௌனம்தான். சொந்தமாக ஒரு வாக்கியம் பேச அங்கே பழக்கியதில்லை. இந்த மன்றங்களின் பெருங்குறை இதுவே.

மூன்றாவது மொழி அரசுப் பள்ளிக்குள் வராததற்கு அரசியல் காரணம் உண்டு. 1938இல் ராஜாஜி அரசு இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது, போராட்டம் வெடித்தது, 1940இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1968 ஜனவரியில் சட்டமன்றம் தமிழ், ஆங்கிலம் என்னும் இருமொழிக் கொள்கையை ஏற்றது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் கதை வேறு. அங்கே 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. சென்னையில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1953இலும் ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவன் 1960இலும் வந்தன. மெட்ரிக் பள்ளிகளில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்களில் பலர் மதிப்பெண்ணுக்காக எடுத்தவர்கள்; தேர்வு முடிந்ததும் மொழியும் போயிற்று. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. மேல்நிலை வகுப்புகளில் பிரெஞ்சு, ஜெர்மன் வாய்ப்பு தொடர்ந்தது.

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் இலக்கிய, வினாடி வினா, சிறார் திரைப்பட மன்றங்கள் புத்துயிர் பெற்றன. இன்று அயல்மொழியைத் தேடவைப்பது வேலைதான்: ஜெர்மனி செல்ல விரும்பும் செவிலியர் ஜெர்மன் மொழியின் பி1, பி2 நிலைத் தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். தென்காசி மாவட்டத்துச் சிவகிரியிலிருந்து புறப்படும் ஒருவருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரத்தில் ஜெர்மன் கற்பிக்கும் கோதே மையம் அருகில்.