எரியுலைப் புகைப் பதிவேடுகள்: பொதுமக்கள் உரிமை (ஐரோப்பா)

குப்பை எரியுலைகளின் புகைபோக்கி வழியே வெளியேறும் தூசி, கந்தக டை ஆக்ஸைடு, ஹைட்ரஜன் குளோரைடு முதலிய வஸ்துக்களை அளந்தெழுதிய பதிவேடுகளைச் சாதாரணப் பிரஜையும் காரணம் கூறாமலே கேட்டுப் பெறும் உரிமை, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் 1998ஆம் ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கையினால் ஐரோப்பாவில் ஸ்திரப்பட்டது. அதைத் தழுவி ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இயற்றிய விதியின்படி, கேட்டவருக்கு ஒரு மாதத்துக்குள் விடையளித்தல் சர்க்காரின் கடமை; விஷயம் சிக்கலானதாயின் இரண்டு மாதம். சூழலில் விடப்பட்ட மாசைப் பற்றிய தகவலை வியாபார ரகசியம் என்று காட்டி மறுக்கலாகாது என்பதே இவ்விதியின் ஜீவநாடி. உலைக்குள் நடப்பது முதலாளியின் சொத்தாயிருக்கலாம், புகையோ ஊரார் சுவாசிப்பது. அவ்வொன்றியத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், மணிக்கு 2 டன்னும் அதற்கு மேலும் எரிக்கவல்ல ஆலைகளின் செயல்பாட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லிற்று. ஆயினும் பதிவேட்டைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனித்தல் நலம்: தூசி முதலியவை இடையறாது அளக்கப்பட, கனமீட்டருக்கு 0.1 நானோகிராம் என்று வரம்பிடப்பட்ட டையாக்ஸின் என்னும் நச்சுப்பொருளுக்கோ அச்சட்டம் ஆண்டுக்கு இரண்டு சோதனைகளையே குறைந்தபட்சமாக விதித்தது; அவை ஒவ்வொன்றும் எட்டு மணி நேரத்துக்கு மேற்படாது.