ஆவாரம்பட்டையும் படைவீரர் பூட்சும்

தமிழகக் காலணித் தொழிலின் வரலாற்றை 1973இலிருந்து தொடங்குவது வழக்கம். சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து பச்சைத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்கள் காலணி தயாரிப்பை நோக்கித் திரும்பியதும் உண்மையே. ஆயினும், அத்தொடக்கம் முந்தைய அரை நூற்றாண்டை மறைத்துவிடுகிறது.

ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட மாட்டுத்தோல், முதல் உலகப்போரில் பிரித்தானியப் படையினரின் பூட்சுகளுக்கு மேல்தோலாயிற்று. சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியது பூட்ஸ் அன்று; அரைப்பதத் தோலே. வெட்டலும் தைத்தலும், அவற்றால் வரும் கூலியும் இலாபமும் நார்தாம்ப்டன் போன்ற ஆங்கில நகரங்களில் தங்கின. 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்த அரசு, பேரரசிற்குள்ளேயே பதனிடப்படும் தோலுக்கு அவ்வரியில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தந்தது. உள்நாட்டுத் தொழிலுக்கான காப்பு எனப்பட்ட வரி உண்மையில் எவரைக் காத்தது என்பதற்கு இச்சலுகையே சான்று.

தொழில்நுட்பம் இல்லாமலில்லை. ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் குரோம் பதனீட்டைச் சோதித்தார். குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அம்முறையில் இயங்கிய தொழிற்சாலையின் எச்சம். ஆகவே, சந்தையும் வரியுமே பெருந்தடை எனக் கருத இடமுண்டு.

திருப்பூரில் நூல் பின்னலாடையாக முழுமை பெறும் வேலைகள் ஒரே வட்டாரத்தில் திரண்டன. சாயக்கழிவும் அங்கேயே தங்கியது. பாலாற்றுத் தோல் ஆலைகள் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றமும், நொய்யல் சாயப்பட்டறைகள் குறித்து 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும் தலையிட்டன.