வெள்ள உதவி 1,000 ரிங்கிட்: பணம் வர முதலில் பெயர் பதிவாகணும்

வெள்ளம் என்றாலே கிளந்தான், திரங்கானுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பேராக்குக்கும் நீண்ட வெள்ள வரலாறு உண்டு. 1926-லும் 1967-லும் பேராக் ஆறு கரைபுரண்டது. 1996 ஆகஸ்ட் 29 அன்று கம்பார் அருகே போஸ் டிப்பாங் ஒராங் அஸ்லி குடியிருப்பைச் சேற்று வெள்ளம் அடித்துச் சென்றதில் 44 பேர் உயிரிழந்தனர்.

இன்று வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அரசாங்க உதவி எப்படிக் கிடைக்கும்? பழைய ரப்பர் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்கள் எங்கே சிக்கிக்கொள்ளலாம்?

என்ன உதவி இது?

'பந்துவான் வாங் இஹ்சான்' என்ற கருணை உதவித்தொகை. 2021 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது குடும்பத் தலைவர் ஒருவருக்கு 1,000 ரிங்கிட் என்று வழங்கப்பட்டது. தேசிய பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா இதை ஒருங்கிணைக்கிறது. 2014 இறுதியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, 2015 அக்டோபர் 1-ஆம் தேதி நட்மா உருவாக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது: தொகை தலைக்கு இவ்வளவு என்று இல்லை, குடும்பத் தலைவருக்குத்தான். யாருக்கு, எவ்வளவு என்ற நிபந்தனைகள் ஒவ்வொரு பேரிடரின்போதும் மாறலாம். அறிவிப்பைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெயர் எப்படிச் சேரும்?

வெள்ளம் வந்ததும் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தற்காலிக நிவாரண மையங்கள், அதாவது பி.பி.எஸ், திறக்கப்படும். அங்கே சமூகநலத் துறை (ஜே.கே.எம்) குடும்ப விவரங்களைப் பதிவு செய்யும். பாதிக்கப்பட்டதற்கு வலுவான ஆதாரம் இந்தப் பதிவுதான்.

நம்மில் பலர் மையத்துக்குப் போகாமல் அக்கா வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய்விடுவோம். அது தப்பில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருக்காது. அப்படிப் போனால், கிராமத் தலைவரிடமும் மாவட்ட அலுவலகத்திலும் உடனே தெரிவித்து, உறுதிப்படுத்தல் கேளுங்கள்.

தோட்டத்தில் என்ன சிக்கல்?

தோட்டம் கைமாறியிருக்கும், ரப்பர் போய் செம்பனை வந்திருக்கும், ஆனால் லயத்து வீட்டில் பழைய குடும்பம் இன்னும் இருக்கும். பிள்ளைகள் ஈப்போவில் வேலை பார்ப்பார்கள்; அடையாள அட்டையில் வேறு முகவரி இருக்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் இருக்கும். இதையெல்லாம் பதிவின்போதே சொல்லாவிட்டால், இரண்டு குடும்பம் ஒன்றாகக் கணக்கிடப்படலாம்.

கருணைத் தொகை குடும்பத்துக்கு. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவது வேறு விஷயம். அங்கே நிலம் யாருடையது என்ற கேள்வி வரும். வேலையில் இருக்கும் தொழிலாளர்களின் குடியிருப்புக்கு முதலாளியின் பொறுப்பை 446-ஆவது சட்டம் (1990) வரையறுக்கிறது. வேலை முடிந்தும் லயத்திலேயே தங்கிவிட்டவர்களின் நிலைதான் சிரமம்.

ஆயிரம் போதுமா?

மெத்தை, அரிசி, பள்ளிச் சீருடை வாங்கவே சரியாகிவிடும். மீதியைச் சொந்தபந்தமும் கோயிலும் அக்கம்பக்கமும்தான் தாங்குகின்றன. தோட்ட மக்களுக்கு இது புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வீடிழக்கும் நிலை வந்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அந்தச் சேமிப்புப் பழக்கம் வெள்ளத்துக்கும் உதவும்: மழைக்காலத்துக்கு முன்பே ஒரு சிறு பொது நிதி இருந்தால், அரசாங்கப் பணம் வரும்வரை சமாளிக்கலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

• அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரங்களைப் படம் எடுத்து வையுங்கள். அசலை நீர் புகாத பையில் போடுங்கள்.

• வீட்டில் யார் குடும்பத் தலைவர் என்பதை முடிவு செய்யுங்கள். அவர் பெயரில் இயங்கும் வங்கிக் கணக்கு இருக்கட்டும்.

• தண்ணீர் வடிந்ததும், கழுவுவதற்கு முன்பே சேதத்தைப் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளம் தெரியணும்.

• ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்ஜிர்' தளத்தில் பார்க்கலாம். அவசரத்துக்கு 999, சமூகநல உதவிக்கு தாலியான் காசே 15999.

பாட்டிக்கு மலாய்ப் பாரம் நிரப்பத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும். அடுத்த மழைக்கு முன் உங்கள் லயத்தில் யார் யார் தனியாக இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். பதிவு நடக்கும்போது யார் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள அது போதும்.