பள்ளி வாயிலும் வீட்டு வாயிலும்

பள்ளி என்பது கல்வி பயிலும் இடம் மட்டுமன்று. பல வீடுகளின் மூச்சுக் காற்று ஒன்றாய்க் கலக்கும் இடமும் அதுவே. ஒரு வீட்டில் தோன்றிய நோய் மற்றொரு வீட்டின் தொட்டிலை எட்டுவதற்கு வகுப்பறைப் பெஞ்சே பாலமாகிவிடுகிறது. அம்மை கண்ட இல்லத்தின் வாயிலில் வேப்பிலை செருகும் நம் பழைய வழக்கம், வழிபாடாக அமைந்ததோடு, வருவோரை வாயிலிலேயே நிறுத்தும் அறிவிப்பாகவும் பயன்பட்டது. பள்ளிகளில் நோய் கண்டறியும் முறை எவ்வாறு தோன்றியது, அது எங்கே தவறியது, எதனால் வென்றது என்பதை இம்மலரில் சுருக்கமாக ஆராய்வோம். பிழைப்பு நாடிப் பிற மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கு அவ்வரலாற்றில் தனியானதொரு படிப்பினை உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தைகளைக் கொள்ளை கொண்ட நோய்களுள் தொண்டை அடைப்பான் முதன்மையானது. 1884ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் லெஃப்லர் அந்நோயின் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். நோய்க்குறி ஏதுமற்ற குழந்தை ஒன்றின் தொண்டையிலும் அதே கிருமி இருக்கக் கண்டார். பார்வைக்கு நலமாய்த் தோன்றும் பிள்ளையும் நோயைச் சுமந்து வரக்கூடும் என்பது அதனால் புலனாயிற்று.

1894ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அந்நோய் பரவியபோது, நகரை 50 வட்டங்களாக வகுத்து, வட்டத்துக்கு ஒரு மருத்துவராகப் பள்ளிகளுக்கு அனுப்பினர். காலையில் சோர்ந்திருக்கும் பிள்ளைகளை ஆசிரியர் பிரித்து வைப்பார். மருத்துவர் வந்து பார்த்து, தொற்றுநோய் இருப்பின் வீட்டிற்கு அனுப்புவார். 1897இல் நியூயார்க் நகரும் இம்முறையை மேற்கொண்டது.

அங்கேதான் எதிர்பாராத இடர் ஒன்று முளைத்தது. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வாழ்ந்தோர் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர். அவர்தம் பிள்ளைகளிடம் டிரக்கோமா என்னும் கண்நோயும், படர்தாமரையும், சிரங்கும், பேனும் மிகுந்திருந்தன. மருத்துவர் நோயைக் கண்டார். கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வெளியே அனுப்பினார். அந்தச் சீட்டைப் பல தாய்மாரால் படிக்க இயலவில்லை. படித்தவரிடமும் மருந்துக்குப் பணமில்லை. பள்ளியில் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் மாலையில் தெருவில் அதே தோழரோடு கூடி விளையாடினர். நோயும் குறையவில்லை, கல்வியும் கெட்டது.

அப்பகுதியில் தொண்டாற்றி வந்த செவிலியர் லிலியன் வால்டு அம்மையார் ஒரு சிறுவனைக் கண்டார். வயது பன்னிரண்டு ஆகியும் அவன் பள்ளியில் பயின்றதில்லை. தலையிலிருந்த தோல்நோயைக் காரணம் காட்டி ஒவ்வொரு முறையும் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தனர். அம்மையார் களிம்பைக் கொணர்ந்து, அதனைப் பூசும் முறையைக் கற்பித்தார். புண் ஆறியது, சிறுவன் பள்ளியில் சேர்ந்தான். பல ஆண்டுகளாக அவனைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது ஒரு சிமிழ்க் களிம்பால் தீரக்கூடிய குறையே!

1902ஆம் ஆண்டு அக்டோபரில், வால்டு அம்மையாரின் முயற்சியால், லீனா ராஜர்ஸ் என்னும் செவிலியர் நான்கு பள்ளிகளில் ஒரு மாதச் சோதனையாக அமர்த்தப்பெற்றார். சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டுப் பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். வீட்டில் நிறுத்த வேண்டிய பிள்ளையாயின், அதன் வீட்டுப் படியேறித் தாய்க்குச் செய்முறை காட்டினார். பயன் கண்ட நகராட்சி மேலும் பல செவிலியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோயின் காரணமாக விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் 1,101 பேர். சோதனை தளர்ந்ததால் எண் குறையவில்லை. சோதனைக்குப் பின் சிகிச்சை தொடர்ந்ததால் குறைந்தது.

இனி ஆசிரியர் முதலிய பணியாளரைக் கருதுவோம். காசநோயில் சிறு குழந்தை பிறருக்கு நோயைப் பரப்புவது அரிது. நுரையீரலில் நோய் முற்றி இருமும் பெரியவரே பெரும்பாலும் அதனைப் பரப்புகிறார். 1908இல் பிரெஞ்சு மருத்துவர் மாந்தூ வகுத்த தோல் சோதனை, ஒரு பிள்ளையின் உடலில் அக்கிருமி புகுந்ததைக் காட்டும். புகுத்தியவர் யார் என்பதை வீட்டிலும் வகுப்பறையிலும் உள்ள பெரியவரிடையே தேட வேண்டும். 1936இல் பிரேசில் நாட்டு மருத்துவர் அப்ரூ, சிறு படச்சுருளில் மார்பு எக்ஸ்ரே எடுக்கும் மலிவான முறையைக் கண்டபின், பெருந்தொகையினரைச் சோதிப்பது எளிதாயிற்று. ஆதலின் மாணவரை மட்டும் வரிசையில் நிறுத்தி, ஆசிரியரையும் சமையற்காரரையும் விட்டுவிடும் சோதனை அரைச் சோதனையே ஆகும்.

நம் நாட்டில் இம்முயற்சி 1909இல் பரோடா நகரில் தொடங்கிற்று. 1906இலேயே கட்டாயத் தொடக்கக் கல்வியைத் தம் நாடெங்கும் பரப்பிய மன்னர் சாயாஜிராவின் ஆட்சிக்காலம் அது. பிள்ளையைக் கட்டாயமாக அழைக்கும் அரசு, வந்த பிள்ளையின் உடல்நலத்தையும் பேணக் கடமைப்பட்டதன்றோ? எனினும் 1946இல் போர் குழு தன் அறிக்கையில், இந்தியாவில் பள்ளி மருத்துவப் பணி ஏறத்தாழ இல்லை என்றே கூறிற்று. 1960இல் ரேணுகா ராய் அம்மையார் தலைமையில் அமைந்த குழு மறு ஆண்டில் பரிந்துரைகளை அளித்தது. 2013இல் பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாடு தழுவிய நலச் சோதனைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2020இல் கொரோனா வந்து பள்ளிகளை மூடிற்று. அவை மீண்டும் திறந்தபோது வாயிலில் வெப்பமானியுடன் நின்றனர். அக்கருவி காய்ச்சலைக் காட்டிற்று. காய்ச்சலின்றிக் கிருமியைச் சுமந்தவரைக் காட்டவில்லை. லெஃப்லர் கண்ட உண்மை மறுபடியும் மெய்யாயிற்று.

ஆகவே, வாயிலில் நிறுத்துவது காப்பின் தொடக்கம். வீடுவரை தொடர்வதே அதன் நிறைவு. நியூயார்க் தாய்மார் அறியாத மொழியில் எழுதிய சீட்டைப் பெற்று விழித்ததுபோல, நம் காலனிக்குப் புதிதாய் வரும் தாய்மார் சிலரும் பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பைப் படிக்க இயலாது திகைத்தல் கூடும். அதனைப் படித்துச் சொல்வதும், மருத்துவமனைக்கு உடன் செல்வதும், விடுபட்ட பாடத்தை அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதித் தருவதும் சங்கத்தினர் செய்யத்தக்க எளிய தொண்டுகள். தேர்வென்றும், தவறாது வந்தோர்க்குப் பரிசென்றும் காய்ச்சலை மறைத்துப் பிள்ளையை அனுப்புதல் ஆகாது. நோய் கண்ட பிள்ளையின் வீட்டைக் குற்றவாளியின் வீடாய் நோக்குதலும் ஆகாது. பழிக்கு அஞ்சும் வீடு நோயை ஒளிக்கும், ஒளித்த நோய் ஊரெங்கும் பரவும். வேப்பிலை செருகிய வாயிலைக் கண்டு விலகி நின்ற நம் முன்னோர், அவ்வீட்டாருக்கு வேண்டியதைத் திண்ணையில் வைத்துச் சென்ற அன்பையும் நாம் மறவாதிருப்போமாக!