காஞ்சனபுரியில் பெயருள்ளோரும் பெயரற்றோரும்

தாய்லாந்தின் மேற்கே, குவாய் ஆற்றங்கரையிலே அமைந்த காஞ்சனபுரி நகருக்கு நாள்தோறும் வெளிநாட்டவர் பலர் வருகின்றனர். இரும்புப் பாலத்தைக் கண்டபின், வழிகாட்டிகள் அவர்களை அழைத்துச் செல்லும் இடம் போர்வீரர் மயானம். பசும்புல்லும் பூச்செடிகளும் சூழ்ந்த அம்மயானத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். பிரித்தானியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர் ஆகிய இவர்கள் போர்க்களத்திலே வீழ்ந்தவரல்லர். யப்பானியரிடம் சிறைப்பட்டு, சீயத்தையும் பர்மாவையும் இணைக்கும் புகையிரதப் பாதையை அமைக்கும் வேலையிலே மாண்டவர்கள். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1942 ஆம் ஆண்டிலே தொடங்கி 1943 ஒக்டோபரில் நிறைவுற்றது.

அதிகாரிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் அங்கே ஒரே அளவான பெயர்ப்பலகைதான். 1917 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு வகுத்த நியதி அது. வழிகாட்டிகள் இதனை எடுத்துச் சொல்ல மறப்பதில்லை. பாட்டனின் பெயரைத் தேடிவரும் பேரனுக்கு வரிசையையும் இலக்கத்தையும் சொல்லி, அக்கல்லறையின் முன்னே நிறுத்திவிட இன்று முடிகின்றது.

இஃது எவ்வாறு கைகூடியது? காட்டு முகாம்களிலே சிறைப்பட்டிருந்த வைத்தியரும் அதிகாரிகளும் மதகுருமாரும், இறந்தோரின் பெயரையும் புதைத்த இடத்தையும் எழுதி, காவலர் கண்ணிற் படாமல் மறைத்து வைத்தனர். யுத்தம் முடிந்ததும், 1945 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஒரு சிறு குழுவினர் அக்குறிப்புக்களோடு பாதை நெடுகிலும் தேடிச்சென்று பல்லாயிரம் புதைகுழிகளைக் கண்டறிந்தனர். மயானத்தின் ஒவ்வொரு பெயர்ப்பலகைக்குப் பின்னாலும் எவரோ ஒருவர் ஒளித்துவைத்த காகிதம் ஒன்று உண்டு எனலாம்.

அதே பாதையில், அதே மழையில், சிறைப்பட்ட வீரரிலும் பன்மடங்கு தொகையினரான ஆசியத் தொழிலாளர் உழைத்தனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நமது மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தோரைப் போலவே, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் வாயிலாகக் கடல் கடந்த குடும்பங்களின் வழிவந்தோர் அவர்கள். யுத்தத்தால் றப்பர் வாணிபம் நின்றது. வேலையும் அரிசியும் அருகின. நல்ல கூலி, சில மாதத்து வேலை என்ற வாக்கை நம்பிச் சென்றோர் ஒரு பகுதியினர். வளைத்துப் பிடித்து வண்டியில் ஏற்றப்பட்டோர் மற்றொரு பகுதியினர். 1943 ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, போர்வீரருக்குக் கைவசம் மருந்து இல்லாவிடினும், நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கட்டளையிடத் தங்கள் வைத்தியர் இருந்தனர். தமிழர் முகாம்களில் அவ்வாறு கட்டளையிடுவோருமில்லை, இறந்தவர் பெயரைக் குறிப்போருமில்லை. சிறைப்பட்ட வீரருள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பட்டியலால் நிலைநாட்டப்பட்டது. ஆசியத் தொழிலாளரின் சாவுத்தொகையோ 90,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டோடு நின்றுவிடுகின்றது.

வியப்புக்குரிய செய்தி ஒன்று: பாலத்துக்கு அண்மையில் யப்பானியப் படையினர் 1944 ஆம் ஆண்டில் எழுப்பிய நினைவுத்தூணிலே, பிறமொழிகளோடு தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. உயிரோடிருந்தபோது காட்டாத பரிவைக் கல்லிலே காட்டினர் போலும்! 1990 ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது, ஒரே குழியிலிருந்து நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளருடையவை என்று கொள்ளப்படும் அவற்றுள் எதற்கும் பெயரில்லை.

போர்வீரர் மயானத்துக்கு அருகே தவோன் வராராம் என்னும் பௌத்த விகாரை உண்டு. தொழிலாளரின் எச்சங்கள் அங்குள்ள தூபியொன்றின் கீழே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளன. 2023 ஆம் ஆண்டில், மலேசியத் தமிழரின் முயற்சியால், மாண்ட தமிழருக்காக அவ்விடத்திலே நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது. மயானத்தைப் பார்த்து முடித்தோர் அவ்விடத்துக்கு நடந்தே செல்லலாம். ஆயினும் பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் மயானத்து வாயிலிலிருந்தே திரும்பிவிடுகின்றன.