தாழ்ந்த குன்றுகள் எழுதிய பட்டியல்

குளிரும் மழையும் சேர்ந்தடிக்கும் மலைப்பக்கம் நடக்கப் போகிறவர் எதை உடுத்த வேண்டும், பையில் எதைச் சுமக்க வேண்டும் என்பதற்கு இன்று பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான் புழங்குகிறது. உடம்பை ஒட்டி, ஈரத்தைத் தேக்கி வைக்காத உள்ளாடை. அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத அங்கி. பைக்குள் பாலிதீன் உறையில் சுற்றிய மாற்றுடை, உபரியாக ஒரு ஸ்வெட்டர், குல்லாய், கையுறை, அவசரத்துக்கு ஆள் நுழையும் அளவு பெரிய பிளாஸ்டிக் பை. ஜீன்ஸ் மட்டும் கூடவே கூடாது. இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் எவரெஸ்டையும் தென்துருவத்தையும் காட்டுவார்கள். உடை விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களும் அதையே சொல்லிச் சொல்லி நம் மனத்தில் பதித்துவிட்டன. எனக்கு இதில் உடன்பாடில்லை. துணிகள் சில அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் பையில் மாற்றுடை இருந்தே தீர வேண்டும் என்ற விதி, ஏற்காட்டின் பாதி உயரம்கூட இல்லாத இங்கிலாந்துக் குன்றுகளில், உறைநிலைக்குக் கீழே போகாத குளிரில், இளைஞர்கள் செத்ததால் கிடைத்தது.

முதலில் துருவத்தையும் சிகரத்தையும் பார்த்துவிடலாம். 1911 டிசம்பரில் தென்துருவத்தை அடைந்த ஆமுண்ட்சென், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கனடாவின் வடகோடியில் நெட்சிலிக் இன மக்களோடு பழகி, கலைமான் தோலுடையின் பயனை நேரில் கற்றவர். அந்த மென்மயிர்த் தோல் கடுங்குளிரில் ஈடிணையற்றது. ஆனால் அது உலர்ந்த குளிருக்கான உடை. துருவத்தில் பெய்வது பனித்தூள், உதறினால் உதிர்ந்துவிடும். அதே தோலுடை ஒரு நாள் முழுக்க மழையில் நனைந்தால் பாரமாகி, மயிர் படிந்து, காப்பை இழந்துவிடும். 1922இல் எவரெஸ்டுக்குப் போன ஜார்ஜ் ஃபிஞ்ச், பலூன் துணிக்குள் வாத்தின் மென்தூவியை அடைத்துத் தைத்த அங்கி ஒன்றைக் கொண்டுபோனார். உடன் வந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். இன்று உயரமலை ஏறுகிறவர்கள் எல்லோரும் அணிவது அந்த அங்கியின் வாரிசைத்தான். ஆனால் தூவியும் நனைந்தால் கட்டியாகிச் சப்பையாகிவிடும். 1924இல் எவரெஸ்டில் மறைந்த மலையேறி மாலரியின் உடல் 1999இல் கிடைத்தபோது, பட்டும் பருத்தியும் கம்பளியுமாக அடுக்கிப் போட்ட உடைகளின் மேல், நெருக்கமாக நெய்த கேபர்டீன் துணி அங்கி இருந்தது தெரியவந்தது. அடுக்குகளாக உடுத்தும் முறை பழையது என்பதற்கு அது நல்ல சான்று. மழையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் எட்டாயிரம் மீட்டரில் மழை கிடையாது.

மழைக்கு மருந்து தேடியவர்கள் நகரத்துக்காரர்கள். கிளாஸ்கோவின் சார்லஸ் மேக்கின்டாஷ் 1823இல் இரண்டு துணிகளுக்கு நடுவே நாப்தாவில் கரைத்த ரப்பரைத் தடவி ஒட்டிக் காப்புரிமை பெற்றார். தண்ணீர் உள்ளே வராது. அது வரைக்கும் வெற்றிதான். ஆனால் வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்து, எப்போதும் நாற்றமடித்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறை 1840களில் வந்தபின் இந்தக் குறைகள் தணிந்தன. தணியாத குறை ஒன்று இருந்தது. வண்டியில் உட்கார்ந்து போகிறவருக்கு அந்தக் கோட்டு போதும். மேட்டில் ஏறுகிறவருடைய உடம்பிலிருந்து மணிக்கு அரை லிட்டருக்கும் மேல் வியர்வை வரலாம். வெளியே போக வழியில்லாமல் அத்தனையும் உள்ளாடையில் இறங்கும். ஆகவே நடப்பவர்கள் காற்றை மட்டும் தடுக்கும் நெருக்கமான நெசவுகளை நாடினார்கள். பேசிங்ஸ்டோக்கின் தாமஸ் பர்பெரி 1879இல் உருவாக்கிய கேபர்டீன் அப்படிப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் கடலில் விழுந்த விமானிகளுக்காக மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வகம் கண்டுபிடித்த வென்டைல் என்ற பருத்தித் துணி இன்னும் நுட்பமானது: நீளிழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தது, நனைந்ததும் இழைகள் உப்பி, இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடியது: தண்ணீரை எப்படி வெளியே நிறுத்துவது? அது தோற்று, உள்ளே இருக்கிற அத்தனையும் நனைந்துவிட்டால் மனிதனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை மலை நடப்பவர்கள் முன் உரக்க வைத்தது 1964இல் நடந்த ஒரு விபத்து.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருப்பது பீக் டிஸ்ட்ரிக்ட். அதன் உச்சியான கிண்டர் ஸ்கவுட் 636 மீட்டர். மேலே மரமில்லாத, கரிய சேற்றுநிலம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு மறைப்பே இல்லை. வேட்டைக்காகப் பிரபுக்கள் பூட்டி வைத்திருந்த இந்த மேட்டுநிலத்துக்குள் 1932 ஏப்ரல் 24 அன்று ஆலைத் தொழிலாளிகளும் இளைஞர்களும் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 1951இல் பீக் டிஸ்ட்ரிக்டே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. இந்த வரலாறு இல்லாமல் பட்டியலின் கதை புரியாது. மலையில் பிறந்து வளராத ஆயிரக்கணக்கான நகரத்து இளைஞர்கள், வாரக்கடைசியில் பஸ் பிடித்து, அன்றாடம் போடுகிற துணியோடு மேலே ஏறத் தொடங்கிய காலம் அது. அந்தச் சூழலில் சாரணர் இயக்கத்தின் மூத்த பிரிவான ரோவர்கள் 1957இல் தொடங்கியது ‘நான்கு விடுதிகள் நடை’. மலைப்பாதையில் நான்கு பழைய சாராய விடுதிகளைத் தொட்டபடி, ஏறத்தாழ 70 கிலோமீட்டரை ஒரே மூச்சில் நடக்கும் போட்டி.

1964 மார்ச் 14 அன்று அந்தப் போட்டியில் 240 பேர் கிளம்பினார்கள். முடித்தவர்கள் 22 பேர். வழியில் மழையும் பலத்த காற்றும் பிடித்துக்கொண்டன. வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகைகள் மேலேதான்; சென்னையில் இருப்பவருக்கு அது கடுங்குளிராகத் தோன்றலாம், அந்த நாட்டில் அது சாதாரண மார்ச் மாதம். துணி நனைந்து, நடை தளர்ந்து, ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறினார்கள். ஆல்போர்ட் பள்ளத்தாக்குப் பக்கம் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் தேடப் போனார்கள். ஆனால் அவர்களை ஒருங்கிணைக்க ஓர் அமைப்பு அப்போது இல்லை. அந்த வட்டாரத்தின் மலைமீட்புக் குழுக்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த அமைப்பு இந்தச் சாவுகளின் விளைவாகப் பிறந்ததுதான்.

இதை ஆராய வந்தவர் கிரிஃபித் பியூ என்ற உடலியல் அறிஞர். 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடு போய், ஆக்ஸிஜனும் தண்ணீரும் உணவும் உடையும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர். ஹிலாரியையும் டென்சிங்கையும் உச்சியில் ஏற்றிய அறிவியலின் பெரும்பகுதி அவருடையது. அப்படிப்பட்டவரே 636 மீட்டர் குன்றுக்கு வந்து புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இறந்தவர்களும் பிழைத்தவர்களும் உடுத்தியிருந்தவற்றை அவர் விசாரித்தார். அதே மாதிரி உடைகளைத் தன்னார்வலர்களுக்கு அணிவித்து, குளிரூட்டிய அறையில் நனைத்து, காற்றடித்து, உடற்பயிற்சி செய்யவைத்து அளந்தார். 1964இல் லான்செட் இதழிலும் 1966இல் நேச்சர் இதழிலும் முடிவுகள் வந்தன. உலர்ந்திருந்தபோது போதுமானதாகத் தோன்றிய உடை, நனைந்து காற்றும் படும்போது தன் காப்பில் பெரும்பங்கை இழந்துவிடுகிறது. அந்த இழப்பை மனிதன் ஒரே வழியில்தான் ஈடுகட்ட முடியும்: விடாமல் வேகமாக நடந்து, தசைகளால் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பது. களைப்பு வந்து வேகம் குறைந்த கணத்தில் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும். 37 பாகையில் நிற்க வேண்டிய உடம்பின் உள்வெப்பம் 35க்குக் கீழே இறங்கும்போது பேச்சு குழறும், கால் பின்னும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், யார் சொன்னாலும் கேட்கத் தோன்றாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய புத்தியைத்தான் அந்தக் குளிர் முதலில் எடுத்துக்கொள்கிறது.

ஜீன்ஸ் ஏன் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது என்பது இங்கே விளங்கும். துணி நமக்குச் சூடு தருவதாக நினைக்கிறோம். சூட்டைக் காப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. தண்ணீர் அந்தக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கனத்த பருத்தி நூல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; தொடையோடு ஒட்டும்; காற்றுப் படப்பட அந்த ஈரம் ஆவியாகி, அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தோலிலிருந்தே உருவும். பிழிந்தாலும் அது மணிக்கணக்கில் காயாது. கம்பளி இழை வேறு வகை. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது. வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். இழை சுருள்சுருளாக இருப்பதால் நனைந்தாலும் முழுக்கப் படியாமல் சிறிது காற்றைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளி நனையாது என்பதில்லை. தொப்பலாக நனைந்த கம்பளியும் குளிரும். நனைந்த பின்னும் அது மனிதனை முழுக்கக் கைவிடுவதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் இதில் புதிதாக என்ன இருக்கிறது, ஆட்டிடையர்களுக்குத் தெரியாததா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்து மேய்ப்பர்கள் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நூற்றாண்டுகளாக அதே மழையில் திரிந்தார்கள். இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டத்து மக்கள் தலைமேல் போட்டுக்கொண்ட கம்பளியும் மழைக்குத்தான். வடதுருவ மக்கள் கடல்நாயின் குடலைக் கீறி, பட்டைபட்டையாகத் தைத்த மேலங்கி, தண்ணீரைத் தடுத்து வியர்வை ஆவியை ஓரளவு வெளிவிடும். மேக்கின்டாஷுக்குக் கைகூடாதது அது. ஆனால் மேய்ப்பனின் அறிவு அவனுடைய கம்பளியில் மட்டும் இல்லை. எந்தக் காற்று எதைக் கொண்டுவரும், எந்தப் பாறை மறைக்கும், எப்போது திரும்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மாலையில் அடுப்பங்கரை இருக்கும். 70 கிலோமீட்டர் நடந்தாக வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை. மான்செஸ்டர் ஆலையிலிருந்து வந்த இளைஞனுக்கு இவை எதுவும் கைமாறி வரவில்லை. பரம்பரை அறிவு அறுந்துபோன இடத்தில்தான் எழுதிவைத்த பட்டியல் தேவைப்படுகிறது. மேய்ப்பனுடைய அடுப்பங்கரைக்குப் பதிலாக வந்ததுதான் பைக்குள் இருக்கும் காய்ந்த ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் பையும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த மூவரைக் கொன்றது உடையா, போட்டியின் ஏற்பாடா? தளர்ந்தவர்கள் தனித்துவிடப்பட்டார்கள், வானிலை கெட்ட பிறகும் நடை தொடர்ந்தது என்பவை மெய். 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மேட்டில் எடின்பரோ பள்ளி மாணவர்கள் ஐந்து பேரும் 18 வயது உதவியாளர் ஒருவரும் பனிப்புயலில் இறந்தார்கள். அவர்களிடம் உறங்குபைகள் இருந்தன. ஆகவே பை நிறைந்திருந்தால் போதும் என்று நான் வாதிட மாட்டேன். பியூவின் கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது: ஈரம், காற்று, களைப்பு மூன்றும் சேர்ந்துதான் கொல்கின்றன. அவற்றில் களைப்பைத் தலைவர்களும் விதிகளும் கவனிக்க வேண்டும். காற்றையும் ஈரத்தையும்தான் உடை கவனிக்க முடியும். 1964க்குப் பிறகு அந்தப் போட்டி இரண்டையும் கையிலெடுத்தது. குழு பிரியக் கூடாது என்ற விதியும், இன்னின்ன உடைகள் பையில் இருக்கின்றனவா என்ற சோதனையும் சேர்ந்தே வந்தன. போட்டி இன்றும் நடக்கிறது.

பாப் கோர் 1969இல் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கியதையும், 1970களின் பிற்பாதியில் அது மழையங்கியாகச் சந்தைக்கு வந்ததையும் காட்டி, மாற்றுடைக்கு இனி என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் நுழையும் துளைகள் அவை. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் மேல்துணி நனைந்து ஒரு நீர்ப்படலம் படிந்துவிட்டால் ஆவி வெளியேறுவது மந்தமாகி, உள்ளே வியர்வை சேரும். மேல்துணி நனையாதிருக்க அதன்மேல் ஒரு நீர்விலக்கிப் பூச்சு வேண்டும், அண்மைக்காலம் வரை அது பெரும்பாலும் ஃப்ளோரின் சேர்மங்களால் ஆனதாக இருந்தது. மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும் அந்தச் சேர்மங்கள் கலந்த துணிகளை 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியா தடைசெய்திருக்கிறது. கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். தடை சரியானதே. மாற்றாக வந்திருக்கும் பூச்சுகள் எண்ணெய்ப்பிசுக்கிலும் அழுக்கிலும் சீக்கிரம் தளர்ந்துவிடுவதால், அங்கியை அடிக்கடி துவைத்துச் சூடுகாட்டும்படி தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நாள் முழுக்க நடக்கிறவருக்கு மலைமேல் அதற்கு வசதி இல்லை. அங்கி கசிந்த பிறகு அவருக்கு இருப்பது பாலிதீன் உறைக்குள் காய்ந்திருக்கும் உடை ஒன்றுதான்.